ஒன்பதாம் மாடிக் கண்ணாடியில் லுத்பியா

பேச்சியம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருந்தாள். கோட்டையில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை. வெளிநாட்டு வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் அங்கே மாடி மாடியாக இருந்தன. ஒன்பதாம் மாடியை அவளும் லுத்பியாவும் சேர்ந்து துடைப்பார்கள். லுத்பியா மாளிகாவத்தைப் பெண். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே துறைமுகத்துக் கப்பல்களுக்கெல்லாம் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, கீழே தெருவில் குண்டு வெடித்தது. பேச்சியம்மா பின்பக்கக் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து பார்த்தபோது கடல் பக்கத்தில் கண்ணாடியே இல்லை. காற்று உள்ளே வந்து கடதாசிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியெல்லாம் தரையிலும் லுத்பியாவின் மேலும் கிடந்தது.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

"ஐடென்டிடி எக்க தென்ன."

அவள் எடுத்து நீட்டிய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தோட்டத்து விலாசம். சேலையில் லுத்பியாவைத் தூக்கியபோது பட்ட இரத்தம். அவள் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் வேறு தமிழ்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் கோதியபோது முடிக்குள்ளிருந்து கண்ணாடித் துணுக்குகள் உதிர்ந்தன.

சில நாள் கழித்து மேற்பார்வையாளர் விஜேபால வந்தார். அவர் கொண்டுவந்த கம்பனிக் கடிதத்தைப் பார்த்ததும் பொலிஸ் பெரியவர் எழுந்து நின்றார்.

"வெள்ளைக்காரங்க வாறது பேச்சி," வெளியே வந்ததும் விஜேபால தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "கம்பனிக்கு சல்லி போடுற ஆக்கள். ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கவேணும். சுத்தம் செய்ய ஆள் இல்ல."

அதற்காகத்தான் தன்னை விட்டார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. நேரே வேலைக்குப் போனாள். தரையைத் தேய்த்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்த புதுக் கண்ணாடிகளை அவசர அவசரமாகப் பொருத்தினார்கள். தெருவில் இன்னும் இடிபாடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே பூச்சாடிகள் வந்துவிட்டன.

கோட் போட்டவர்கள் வந்தார்கள். ஒருவர் கண்ணாடியில் கையை ஊன்றித் துறைமுகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போனதும் அந்தக் கை அடையாளத்தைத் துடைக்கப் போனாள் பேச்சியம்மா. கண்ணாடிக்குள், தன் தோளுக்குப் பின்னால், பச்சை முக்காட்டோடு லுத்பியா நின்றாள். துணியைப் பிடித்தபடி, கப்பலைப் பார்த்துக்கொண்டு.

பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"என்னால முடியாதுங்க மாத்தயா," என்றாள். "அந்தப் புள்ள நிக்கிது."

விஜேபால திட்டவில்லை. அவள் கையிலிருந்த துணியை வாங்கி, கண்ணாடியைப் பார்க்காமல் தலை குனிந்தபடி தானே துடைத்தார்.

"நானும் பார்க்கிறது," என்றார் மெதுவாக. "நீ வீட்டுக்குப் போ."

அதோடு வேலையை விட்டாள். ஆனால் மனம் ஆறவில்லை. மாளிகாவத்தைக்குப் போய் லுத்பியாவின் உம்மா பலீலாவிடம் கண்டதைச் சொன்னாள். பலீலா அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பயந்த மாதிரி நிண்டாளா?" என்றாள்.

"இல்லம்மா. கப்பல பாத்துக்கிட்டு நின்னுச்சு."

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்க. ஒருக்கா பாத்துட்டு வாறன்."

இருவரும் கோட்டைக்குப் போனார்கள். கட்டடத்தைச் சுற்றி இப்போது புதிய தடுப்புகள், மணல் மூட்டைகள். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது என்றான் சிப்பாய். பலீலா சிங்களத்தில் மன்றாடினாள். மகள் இங்கேதான் வேலை செய்தாள் என்றாள். அவன் வயதும் லுத்பியாவின் வயதுதான் இருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "பே அம்மே, யன்ன," என்றான், முடியாது, போங்கள் என்று.

தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலில் கட்டடம் முழுவதும் ஒரே பளபளப்பு.

"எந்தக் கண்ணாடி?" என்று கேட்டாள் பலீலா.

பேச்சியம்மா கீழிருந்து மாடிகளை எண்ணத் தொடங்கினாள். பாதியில் கண் கூசி எண்ணிக்கை தப்பியது. மறுபடி எண்ணினாள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. எல்லாவற்றிலும் மேகம் போய்க்கொண்டிருந்தது. பலீலா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடியே நின்றாள்.