ஒரு சுற்று மட்டும்

2019ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், லண்டனின் சட்டன் பகுதியில் உள்ள ஒரு மண்டபத்தில், படப்பிடிப்பாளர் விதுஷா, பாலாம்பிகையை முதன்முதலில் சந்தித்தாள். அன்றிரவு பாலாம்பிகையின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து. மூன்றாம் நாள் அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை. தாமே கட்டிய வண்ண விளக்குகளின் நடுவே தாம் ஆடும் படம் ஒன்றையே அவர் கேட்டிருந்தார்.

விதுஷா மண்டப விளக்குகளை அணைத்து, ஃபிளாஷைத் தனித் தண்டில் நிறுத்தி, வண்ண விளக்குகளின் மெல்லிய ஒளியும் பதியும்படி கமராவின் ஷட்டரை மெதுவாக்கினாள். பாட்டுத் தொடங்கியதும் பாலாம்பிகையின் கணவர் குலசேகரம், இருட்டில் படம் விழாதென்று பதறி, மண்டப விளக்குகளைப் போட்டுவிட்டார். மெதுவான ஷட்டரில் அந்த வெளிச்சமும் பதிந்து, படத்தில் ஆடும் முகம் இழுபட்டிருந்தது.

"லைற்றை நூருங்கோ அங்கிள். முகத்தை ஃபிளாஷ் பிடிக்கும், சின்ன விளக்குகளை ஷட்டர் பிடிக்கும்."

"படம் கறுத்தால் நீர்தான் பொறுப்பு," என்றபடி அவர் அணைத்தார்.

பாலாம்பிகைக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ஒரு சுற்றுத்தான் ஏலும், பிள்ளை."

அவர் சுழன்றார்; ஃபிளாஷ் ஒருமுறை மின்னியது. படத்தில் முகம் தெளிவாக இருந்தது. பின்னால் விளக்குகள் அத்தனையும் ஒளிர்ந்தன.

கமராவில் படத்தைப் பார்த்துவிட்டு, பாலாம்பிகை கேட்டார்: "நான் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் இதைப் பிரிண்ட் போட்டுத் தாரும்."