ஓவிலாவின் கல்லறையில் பெரணி

என் தங்கை தெல்வினா வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புல்லும் முளைக்காத நிழலில் செடி வளர்த்தாள். எங்கள் வெர்மான்ட் குளிரில் அதைப் பச்சையாகவே வைத்திருந்தாள். தேவாலயத்துப் பெண்களின் இலைவாரிகள் இன்றும் அந்த இடத்தைச் சுற்றித்தான் போகின்றன. இத்தனைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். நான் நாலாம் வகுப்பு வரை போனேன். அம்மா படுத்த படுக்கையானதால் அவளுக்கு அடுப்படிதான் பள்ளிக்கூடம்.

அவள் கணவன் ஓவிலா மரம் வெட்டும் முகாமில் செத்துப்போனான். குழந்தை இல்லை. கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவர் ஓரம், ஊசியிலை மரங்களுக்கு அடியில் அவனுக்கு இடம் கிடைத்தது. பூச்செடி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"பூ வேணாம்ணே. பனிக்காலத்துல அவரப் பாக்க வர்றது நான் மட்டுந்தான். அப்போ பச்சையா ஏதாச்சும் இருந்தாப் போதும்."

முதலில் ஓடைக்கரைப் பெரணியைக் கொண்டுவந்தாள். இறகு மாதிரி அழகு. முதல் உறைபனியிலேயே கருகிச் சாய்ந்தது. பிறகு பாறைச் சரிவில் தேடி, தோல் போலத் தடித்த இலையுள்ள பெரணியைப் பெயர்த்து வந்தாள். மக்கிய இலையைக் கலந்து, செடியின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டாள். கழுத்து புதைந்தால் அழுகிவிடும்.

அந்த ஜனவரியில் அவளோடு போனேன். கையுறையால் பனியை விலக்கினாள். இலைகள் தரையோடு படுத்திருந்தன, நல்ல பச்சையாக. ஓவிலாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, பனியால் திரும்ப மூடினாள். வீட்டில் அவள் பேச ஆள் கிடையாது. சில வாரங்களில் அவள் குரல் வெளியே வந்தது அங்கே மட்டும்தான்.

நவம்பர் முதல் தேதி வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முன்பு எங்கள் பெண்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்வார்கள். யாருக்கு எந்த வரிசை என்று சீட்டுக் குலுக்குவார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் வடக்குச் சுவர் கொல்லன் மனைவி எக்சில்டாவுக்கு விழுந்தது. சருகை வாரினாள், படுத்திருந்த இலைகளையும் ஒட்ட வெட்டினாள். போர்வையில்லாத மண் உறைந்து விரிந்து செடியை வெளியே தள்ளியது. ஏப்ரலில் கறுத்த வேர்தான் கிடந்தது.

"காஞ்சு விழுந்து கெடக்கேன்னு வெட்டுனேன்டி. நல்லதுதானே செஞ்சேன்?" என்றாள் எக்சில்டா.

"காயலக்கா, படுத்திருந்துச்சு."

"ஓ, அதுக்கும் உன் புருஷன் மாதிரி தூக்கமா?"

"அவரு குறட்டை விடுவாரு. இது சத்தமில்லாமத் தூங்கும்."

எக்சில்டா சிரித்துவிட்டாள். தெல்வினா அதே சரிவிலிருந்து இன்னொரு செடியைப் பெயர்த்து வந்து நட்டாள். ஆனால் மறுவருடம் சீட்டு வேறொருத்திக்கு விழுந்தது. அவளும் அதே அக்கறையோடு வாரி வெட்டினாள். அந்தச் செடியும் போனது.

இதற்குள் சரிவில் மரங்களை வெட்டிவிட்டார்கள். வெயில் பட்டுப் பெரணிகள் தீய்ந்தன. பாறை இடுக்கில் மிஞ்சிய ஒன்றே ஒன்றைத் தெல்வினா மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இதுவும் போனால் நட வேறு செடி இல்லை.

செடியை யாரும் வெட்டாமலிருக்க ஒரு பலகை நட அனுமதி கேட்டோம். பாதிரியார் யோசித்துத் தலையசைத்தார். "வைங்கம்மா. ஆனா உரிமைப்பட்டவங்க பேரு இருக்கணும். பேரில்லாத பலகையப் புடுங்கிப் போட்டுருவாங்க."

"உன் பேர நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"அவருக்குப் பொண்டாட்டி நீயாண்ணே?"

'வாராதீர்கள், வெட்டாதீர்கள்' என்ற வரியை மட்டும் என்னை எழுதவிட்டாள். அவள் பெயரைச் சாப்பாட்டு மேசையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினேன். விரலை வைத்து அதன்மேல் ஓட்டிக்கொண்டே இருந்தாள், சூப் ஆறிப்போகும் வரை. இரண்டாவது எழுத்து வந்ததும் நிறுத்தினாள்.

"இது சுருண்டிருக்கே. வசந்தத்துல வர்ற பெரணி முளை மாதிரி."

"ஆமா."

"அப்ப இது எனக்கு வரும்."

தேவதாருப் பலகையில், அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டுச் சுட்டு எழுதினாள். கடைசி எழுத்து சற்றே சாய்ந்திருக்கிறது. திருத்த வேண்டாம் என்றாள். பெண்கள் சுத்தம் செய்ய வருவதற்கு முதல் நாள், பெரணியின் தலைமாட்டில் அதை ஊன்றினோம். அது 1936 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை.