கடைசிப் புள்ளிக்குப் பின்னால்

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்களில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை அவ்வப்போது பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள்களைச் சேகரித்து அனுப்பித் தரும் சின்ன அலுவலகம் ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. அவர்களுடைய இணையதளத்தை முழுக்க நானே எழுதினேன். நெடுங்காட்டு விவசாயி மகள் எழுதியதில் பாரிசுக்குத் தாள் போகிறது என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தளம் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு மதாம் நேரில் வந்தார். வயதான பிரெஞ்சுக் குடியுரிமைப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான் செத்துப்போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஐயோ, என்னங்க மதாம்! என்ன ஆச்சு, சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அவரு பென்ஷன்தான் எனக்கு வருது. சீலு, கையெழுத்து எல்லாம் வாங்கி மூணு தடவ ஏத்திட்டேன். மூணு தடவையும் சரியான ஃபைல் இல்லன்னு வருது."

அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். நல்ல பிடிஎஃப், தெளிவாகத் திறந்தது. ஆனால் ஸ்கேன் செய்த கடையில் வைத்த பெயரை அழித்துவிட்டு, தன் பெயரையும் தேதியையும் புள்ளி வைத்து எழுதியிருந்தார். அதோடு கடைசியில் இருந்த .pdf-உம் போய்விட்டது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் நான் எழுதிய வரி, பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டுமே பார்க்கும். இவருடைய ஃபைலில் அங்கே ஆண்டு இருந்தது. ஆண்டை ஃபைல் வகை என்று நினைத்துக்கொண்டு என் நிரல் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

முதலாளி அறையிலிருந்தே சொன்னார்: "பேர மாத்தி அனுப்பச் சொல்லும்மா. சைட்ல ஒரு அறிவிப்பு போட்டுடு."

"பேருல என்ன தப்பு? தேதி போட்டாத்தான எந்த வருஷத்துதுன்னு தெரியும்?" என்றார் மதாம்.

"உங்க மேல தப்பு இல்லங்க. நான் எழுதுனதுலதான் தப்பு. பேர மாத்தாதீங்க. நாளைக்கிக் காலைல அப்படியே திரும்ப ஏத்துங்க."

அவர் போனதும் முதலாளி வந்து நின்றார். ஒரு ஆளுக்காக எதற்கு இத்தனை வேலை என்று கேட்டார். நான் நிரலைத் திறந்தேன். ஃபைலின் உள்ளே இருப்பதைப் படித்து அது என்ன வகை என்று சொல்லும் வசதி பிஎச்பியிலேயே இருக்கிறது. பெயரைப் பார்க்கும் வரியை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். உள்ளே இருப்பது பிடிஎஃப் என்றால், சேமிக்கும்போது .pdf என்பதை நிரலே ஒட்டிவிடும்.

சோதித்துப் பார்க்க, அதுவரை ஏற்றுக்கொண்ட ஃபைல்கள் எல்லாவற்றின் மேலும் அதை ஓடவிட்டேன். ஒன்று மட்டும் சிவப்பில் வந்தது. பெயர் .pdf என்று முடிந்தது. உள்ளே இருந்தது வேர்டு ஃபைல். யாரோ பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள். பிடிஎஃப் என்று நினைத்துத் திறந்தால் திறக்கவே இல்லை. மறுநாள் பிரான்சுக்குப் போகவிருந்த ஃபைல்களில் அதுவும் இருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது அப்படியே போயிருந்தா?"

"சான்றே வரலன்னு பென்ஷன நிறுத்தியிருப்பாங்க சார்."

அந்த ஃபைலை அனுப்பிய அம்பகரத்தூர்க் குடும்பத்துக்கு அவரே போன் செய்தார். அன்று மாலையே பஸ் ஏறி வந்து சரியான தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அறிவிப்பைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் திரையில் மதாமின் பெயர் வந்தது. அதே பெயர், அதே புள்ளிகள். பக்கத்தில் பச்சை. அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"எடுத்துக்கிச்சும்மா! பேர மாத்தவே இல்ல!"

"மாத்த வேண்டியதே இல்லங்க மதாம்."

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "நல்லா எழுதியிருக்க."

நான் எழுதிய நிரலை நன்றாக எழுதியிருப்பதாக ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. கல்லூரியில் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் அப்படி இனித்ததில்லை. பிறகு நிரலில் அந்தப் பகுதியின் தொடக்கத்தில், எழுதியவர் என்ற இடத்தில், என் பெயரோடு காரைக்கால் என்றும் சேர்த்து எழுதினேன்.