கேட்காமல் அழித்த நிரல்

யோக்யகர்த்தாவில் எங்கள் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் லரஸாத்தி என் பக்கத்து மேசைக்காரி. எங்கள் பொறுப்பில் அறுபது சர்வர்கள். ஒவ்வொரு துறையும் தனக்குப் பிடித்த லினக்ஸை ஏற்றியிருந்தது. ஒன்றில் உபுண்டு, ஒன்றில் டெபியன், இன்னொன்றில் ஃபெடோரா. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓடவிடும் கன்டெய்னர் மென்பொருளை நிறுவ ஒவ்வொன்றுக்கும் தனி வழி. எல்லாவற்றுக்கும் சேர்த்து லரஸாத்தி ஒரே நிரல் எழுதினாள். எந்த லினக்ஸ் என்று அதுவே பார்த்துக்கொள்ளும், பழைய பதிப்பை நீக்கும், புதியதை நிறுவும். பழைய பதிப்பின் மிச்சங்கள் சில இடங்களில் இடக்குப் பண்ணியதால், அது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்த கோப்புறையையே அழிக்கும்படி செய்தாள். அதற்கு முன் "அழிக்கலாமா?" என்று திரையில் கேட்கும்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. "அறுபது தடவை 'ஆமா' தட்டவா இத எழுதின? கல்யாணத்துலகூட ஒரு தடவைதான் கேப்பாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கேள்வியை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை நிரலை ஓடவிட்டோம். பலாக்காய்க் குடெக் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அறுபதும் முடிந்திருந்தன.

மதியம் புவியியல் துறை பாக் வர்தோயோ மாடியேறி வந்தார். 'பாக்' என்றால் எங்கள் ஊரில் ஐயா. குனுங்கிதுல் கிராமத்துப் பெண்கள் கயிறு விட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, கைப்பேசியிலிருந்து தினமும் அவருடைய சர்வருக்கு அனுப்புவார்கள். போன கோடை முழுவதும் அளந்தவை அந்தப் பழைய கோப்புறைக்குள்தான் இருந்தன.

"ஏம்மா, என் கிணறெல்லாம் எங்க போச்சு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். லரஸாத்தியின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பாக். கேக்காம அழிச்சிட்டேன்."

கேள்வியை எடுக்க வைத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

"நானும் ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கணும்" என்றார் அவர். "அந்தப் பொம்பளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

அடுத்த ஞாயிறன்று நானும் அவளும் மோட்டார் சைக்கிளில் குனுங்கிதுல் போனோம். அனுப்பிய செய்திகள் யார் கைப்பேசியிலாவது மிஞ்சியிருக்கும் என்று நம்பினோம். பலர் அழித்துவிட்டார்கள், சிலர் கைப்பேசியையே மாற்றிவிட்டார்கள். நாற்பது கிணறுகளில் ஆறு கிணறுகளின் அளவுகள்தான் கிடைத்தன.

கடைசி வீட்டில் சுமினி அம்மாள் இனிப்புத் தேநீர் கொடுத்தாள். "போன வருஷத் தண்ணியையா கேக்குற? அதான் எடுத்துக் குடிச்சாச்சே!" என்று சிரித்தாள். "வேணும்னா இன்னிக்கு அளந்து தரேன், கண்ணு."

லரஸாத்தி தேநீரைத் தொடவில்லை.

அந்த அளவுகளைக் காட்டித்தான் பாக் வர்தோயோ கிராமங்களுக்கு அரசிடம் தண்ணீர்த் தொட்டிகள் கேட்க இருந்தார். ஆறு கிணறுகளை வைத்து எழுதிய மனு, போதாது என்று திரும்பி வந்தது. பெண்கள் மறுபடி முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள். யார் செய்த தவறு என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அது அவளை இன்னும் வாட்டியது.

அந்தக் கோடையிலும் அங்கே லாரித் தண்ணீர்தான். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களின் படம் செய்தியில் வந்தால், அன்று முழுக்க லரஸாத்தி என்னோடு பேசமாட்டாள்.