வெறுமையாய்க் கிடந்த இருபத்தோராம் திகதி

கரும்பலகையில் வெண்கட்டி கிறீச்சிட்டால் மற்றவர்களுக்குப் பல் கூசும். எனக்கு நாக்கில் சீனி ஊறும். இன்று காலையும் ஊறியது. ஆடி வெயில் வாவியின் மேல் தகரம் போலப் பளபளத்துக்கொண்டிருக்க, மீன் வாங்கப் புறப்பட்டவள் சந்தித் தேத்தண்ணிக்கடை வாசலில் நின்றுவிட்டேன். கடைக்காரத் தம்பி கதிரையில் ஏறி, பழைய பலகையொன்றில் ரொட்டி, பராட்டா, சம்பல் என்று எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் சுளித்தது, வெண்கட்டியும் அழுதது. அந்த வரிக்காகத்தான் நான் வருடாவருடம் இந்தத் திகதியில் மீன் வாங்கக் கிளம்புகிறேன் என்பது, வெறுங்கையோடு வீடு திரும்பும்போதுதான் எனக்கே விளங்கும்.

அந்தப் பலகை முன்பு தெருவின் எதிர்ப்பக்கம், நூலக விறாந்தையில் தொங்கியது. நான் அங்கே உதவியாளர். நூலகர் ஐயா வாகரையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒல்லியான உடம்பு, கால்சட்டைப் பையில் எப்போதும் வெண்கட்டித் தூள். பலகை அரசாங்கத்தின் சொத்தல்ல. சொந்தமாக மரம் வாங்கி அடித்து, கறுப்புப் பூசி மாட்டியிருந்தார். தினமும் காலையில் ‘இதே நாளில்’ என்று தலைப்பிட்டு, உலகத்தில் அன்றைய திகதியில் நடந்தவற்றை எழுதுவார். ஒரு நாள் ஒரு ராச்சியம் கவிழும், ஒரு நாள் யாரோ ஒருவன் ஒரு கடலைக் கண்டுபிடிப்பான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலையைத் தோளில் போட்டபடி வாசித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பலகையில் கோபம். நூலகம் என்றால் அமைதி, அமைதி என்றால் என் கவிதை என்று கணக்குப் போட்டு வேலைக்கு வந்தவள் நான். வாசலில் நின்று ராச்சியங்களைக் கவிழ்ப்பவர்களின் சத்தத்தில் எந்தக் கவிதை நிற்கும்?

ஒரு நாள் ஒரு தோணிக்காரர் பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். “ஏன் ஐயா, உலகமெல்லாம் என்னென்னவோ நடக்குது. எங்கட ஊரில மட்டும் ஒண்டும் நடக்கல்லையா? நாங்க என்ன கல்லா?” ஐயா வெண்கட்டியை எடுத்தார். பிறகு பலகையின் அடியில் ஒரு கோடு கிழித்து, ‘எங்கள் ஊரில்’ என்று எழுதினார். விதிகளையும் அந்த இடத்திலேயே சொன்னார்: ஊர் எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும், திகதி சரியாகத் தெரிய வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும்.

அன்று தொடங்கியது என் வேதனை. ஊரே கதையோடு வந்தது. திகதியோடு ஒருவரும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஆருக்குத் திகதி தெரியும்? புயலுக்கு முந்தின போகம், வெள்ளம் ஏறின கிழமை, மழை பிழைத்த வருடத்து மாமாங்கக் கோயில் தீர்த்தம் என்றுதான் எங்கள் காலம் ஓடுகிறது. வருடத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடிய திகதி ஒன்றென்றால் அது எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் அடித்த கார்த்திகை, அதாவது நவம்பர், இருபத்துமூன்று. ஐயா திகதி கேட்டு நெருக்க நெருக்க, கதைகளெல்லாம் அந்த ஒரு நாளுக்குள்ளேயே போய் ஒதுங்கின. பசு இரட்டைக் கன்று போட்டதும் அன்றுதான், மச்சான் மச்சாளைப் பார்த்துச் சிரித்ததும் அன்றுதான், கோயில் கிணற்றில் எருமை விழுந்ததும் அன்றுதான். “புயல் அடிச்ச நேரம் இவ்வளவு வேலையும் பார்த்தீங்களா?” என்று ஐயா கேட்டார். “காத்து பின்னேரம்தானே ஐயா எழும்பினது, பகல் முழுக்கச் சும்மாதானே இருந்தம்,” என்றார் எருமைக்காரர்.

எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் தேத்தண்ணிக்கடை காக்கா. காத்தான்குடி முஸ்லிம்; அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஊருக்கே அவர் காக்கா. கல்லாப்பெட்டிக்கு மேலே ‘அன்பு கடனை வளர்க்கும்’ என்று எழுதி மாட்டியிருந்தவர். பெண் பார்க்க வந்த மருமகனிடமே தேத்தண்ணிக்குக் காசு வாங்கினார் என்றொரு கதை உண்டு. இரண்டாவது சாட்சி கிடைக்காததால் அது பலகையில் ஏறவில்லை. அவருக்கு அந்தப் பலகையில் ஒரு கண்.

“சேர், வருசத்தில இரிக்கிற அத்தன நாளைக்கும் இந்த ஊரில கத இரிக்கா? மழ பெய்யும், மீன் படும், மனிசன் வயசாகி மௌத்தாவான். வேற என்ன?”

“ஒரு நாளும் வெறும் நாளில்லை, காக்கா.”

“அப்ப நீங்க வேலைய விட்டுப் போறதுக்குள்ள ஒரு நாள் வெறுமையாக் கிடந்தாலும் பலகை எனக்கு. ரொட்டி வில எழுதுவன்.”

“எடுங்க,” என்றார் ஐயா. அவருக்கு ஓய்வு வர அப்போது சரியாக ஒரு வருடம் இருந்தது.

நாட்களை அவர் எப்படி நிரப்பினார் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட மணியின் நாக்கு விழுந்த நாள், வயல் வட்டைக்குள் யானை இறங்கி ஒருவர் உடுத்திருந்த சாரத்தை மட்டும் கொண்டுபோன நாள் என்று, வீடு வீடாகப் போய்ச் சாட்சியோடு பிடித்து வந்தார். எஞ்சியது ஒன்றே ஒன்று: ஆடி, அதாவது யூலை, மாதத்து இருபத்தோராம் திகதி, அவருடைய கடைசி வேலைநாள். அதுவும் வெறுமையாகக் கிடந்ததில் வியப்பில்லை. ஆடியில் எங்கள் சனம் கலியாணம் செய்யாது, வீடு குடிபுகாது, ஒன்றும் தொடங்காது. மிச்சம் இருப்பவர்களும் அமிர்தகழிக்கு மாமாங்கத் திருவிழா பார்க்கப் போய்விடுவார்கள். ஊரில் நடப்பதற்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை.

அந்த நாள் காலையில் ஐயா மேல் வரிகளை அழகாக எழுதினார். 1960: உலகத்தின் முதல் பெண் பிரதமர் எங்கள் நாட்டில் பதவியேற்றார். 1969: மனிதன் சந்திரனில் கால் வைத்தான். “அது இருபதாம் திகதியல்லவா?” என்று கேட்டேன். “அமெரிக்காக்காரனுக்கு இருபது. எங்கட நேரத்துக்கு விடிஞ்சு, நாம பழஞ்சோறு தின்னுற நேரம், புள்ள.” கீழே ‘எங்கள் ஊரில்:’ என்று எழுதினார். அந்த இரு புள்ளிகளுக்குப் பின்னால் பலகை கறுப்பாகவே கிடந்தது. அமைதி வேண்டுமென்று அந்தப் பலகையைச் சபித்த நானே அதை நிரப்ப வழி தேடினேன்.

“இண்டைக்கு உங்கட பிறந்தநாள்தானே ஐயா? அறுபது. அதை எழுதுங்க,” என்றேன்.

“நான் பிறந்தது வாகரையில. அது இந்த ஊர் எல்லையில்லை.”

“அப்ப நீங்க ஊரை விட்டுப் போறதையாவது எழுதுங்க.”

“போறது ஒரு நிகழ்ச்சியா? பஸ்ஸும்தான் போகுது.”

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. தோணிக்காரர் தன் புதுத் தோணியை அன்றே வாவியில் இறக்குவதாக மார்தட்டி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வந்தார். “ஆடியில இறக்கினா அது தோணியா, பிரேதப்பெட்டியா? வா வீட்ட!” வேலிச் சண்டையில் பேச்சை விட்ட அண்ணனும் தம்பியும் சமாதானமாகலாம் என்று வந்து, விறாந்தையின் இரு மூலைகளில் நின்றார்கள். “முதல்ல அவன் பேசட்டும்,” என்றார் அண்ணன். “ஆடி கழியட்டும்,” என்றார் தம்பி, தூணைப் பார்த்து.

மத்தியானம் காக்கா அளவு நாடாவோடு தெருவைக் கடந்து வந்து பலகையை அளந்தார். அளந்துகொண்டே கேட்டார்: “சேர், இதக் கழட்டினா நாளைக்கு இந்த ஆக்கள் எங்க நிண்டு சண்ட பிடிப்பாங்க?”

“வீட்டில.”

நாடா நின்றது. “வீட்டிலயா? அப்ப தேத்தண்ணியும் வீட்டிலதானே குடிப்பாங்க!” நாடாவைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் கரண்டியால் கேத்தலைத் தட்டும் சத்தம் கேட்டது. “வாங்க, எல்லாரும் வாங்க! இண்டைக்குக் காசு இல்ல!” ஒருவரும் அசையவில்லை. தோணிக்காரர் மட்டும் மெல்லப் போய்க் காக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் இல்ல,” என்று இந்தப் பக்கம் திரும்பி அறிவித்தார். “ஆடியில புதுசா ஒண்டைத் தொடங்கலாமா காக்கா?” என்று அவர் மனைவி கேட்க, “எங்களுக்கேது ஆடி? குடிங்க!” என்றார் காக்கா. அதன் பிறகு தெரு நிரம்பியது.

ஐயாவுக்கு அவர் தானே கோப்பையைத் தூக்கி வந்தார். “எழுதுங்க சேர்.”

“பந்தயத்துக்காகச் செய்த வேலை வரலாறாகுமா, காக்கா?”

காக்கா மேல் வரியைக் காட்டினார். “சந்திரனுக்குப் போனவன் மட்டும் சும்மாவா போனான்? அவனும் போட்டிக்குத்தானே போனான்!”

ஐயா சிரித்தார், வெண்கட்டித் தூள் பறக்கும்படி சிரித்தார். சாட்சி கேட்டார். தெரு முழுக்கக் கோப்பைகள் உயர்ந்தன. பெண் பிரதமருக்கும் சந்திரனுக்கும் கீழே, அதே அளவு எழுத்தில், வெண்கட்டி கிறீச்சிட எழுதினார்: ‘காக்கா தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.’

வரலாற்றில் ஏறியது இலகுவாக இறங்காது என்பதைக் காக்கா அடுத்த ஆடியில் அறிந்தார். அதே திகதியில் ஊர் கோப்பையோடு வரிசையில் நின்றது. நூலகம் புதுக் கட்டிடத்துக்குப் போனபோது பலகை கடைசியில் அவரிடமே போய்ச் சேர்ந்தது, கூடவே அந்தத் திகதியும். இப்போது காக்காவும் இல்லை, ஐயாவும் இல்லை. காக்காவின் மகன், இந்தக் கடைக்காரத் தம்பி, இன்று எழுதிய கடைசி வரி இது: ‘இதே நாளில் வாப்பா காசு வாங்கவில்லை. ஆளுக்கு ஒரு கோப்பை மட்டும்.’ என் கோப்பையை நீட்டியபடி, “வாப்பா ஒரு நாளைக்குத்தான் குடுத்தாரு அக்கா, நான் ஆயுசுக்கும் குடுக்கிறன்,” என்றார். சீனி அதிகம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஐயா ஓய்வுபெற்ற அன்று பின்னேரம் அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிடச் சந்திக்குப் போனேன். கையில் ஒரு பெட்டி, பையில் மிச்ச வெண்கட்டி. அங்கிருந்தே பலகை தெரிந்தது. அந்த வரியை இனி அழிக்கவே மாட்டேன், அப்படியே வைத்திருப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் அசைந்தது. ஐயா யன்னலால் தலையை நீட்டினார்.

“விடியவே முதல் வேலையா அதை அழிச்சிரு, புள்ள. அழிச்சாத்தானே வாற வருசமும் எழுதலாம்!”