நேந்திரம்பழச் சாம்பியன்

எங்கள் சித்தப்பாவுக்குத் தென்காசியில் கடைசிவரை இருந்த பட்டப்பெயர் 'நேந்திரம்பழம்'. பட்டாளத்தில் லைட்வெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் அது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே எடையில் கொழும்பில் சாம்பியனாக இருந்தவர் ஒரு புளியங்குடிக்காரர். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. சித்தப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவர் கொழும்பு மாமா. இருவரில் யார் பெரியவர் என்று டீக்கடைகளில் சண்டை ஓயாது. நாள் குறித்தும் இரண்டு முறை மோதல் நடக்கவில்லை. ஒருமுறை சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மறுமுறை அவர் வரவேண்டிய கப்பல் கிளம்பவில்லை. மூன்றாவதாகச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் வைத்தார்கள். எடை பார்க்கப் புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து பெரிய தராசு வண்டியில் வந்தது. நூற்று முப்பத்தைந்து ராத்தலுக்கு மேல் யார் இருந்தாலும் அவர் மோதாமலே தோற்றவர் என்பது பேச்சு.

அதற்காகச் சித்தப்பா ஒரு மாதமாக அரை வயிறுதான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு குத்துக்கல்வலசை வரை ஓடிவிட்டு வருவார். அவர் கண்முன் சாப்பிடக் கூசி, சித்தி அடுப்படியிலேயே சாப்பிட்டாள்.

மோதல் அன்று காலை சித்தப்பா அருவியில் குளிக்கப் போனார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பக்கத்தில் கொழும்பு மாமா குளித்துக்கொண்டிருந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். இருமினார், குனிந்து துப்பினார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. சே, வெற்றிலை எச்சில் என்று நான் காலை இழுத்துக்கொண்டேன். சித்தப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என் கையைப் பிடித்து நேராகப் பழக்கடைக்கு இழுத்துப் போனார். ஒரு சீப்பு நேந்திரம்பழத்தையும் தின்றார். ருசித்துத் தின்னவில்லை, மருந்துபோல விழுங்கினார். மேலே செம்பு செம்பாகத் தண்ணீர். எடை கூடிவிடும் என்று நான் அழுதேன். "சும்மா இருட்டி" என்றார்.

கொழும்பு மாமா ஏறியபோது அவர் தட்டு மேலேயே நின்றது. என்ன ஒரு கட்டுப்பாடு என்று கூட்டம் மெச்சியது. சித்தப்பாவின் தட்டு தரையில் இடித்தது. ஊளையிட்டார்கள், பழத்தோலை விட்டெறிந்தார்கள். மாலை விழுந்த கழுத்தோடு கொழும்பு மாமா வந்து கேட்டார்:

"என்ன மச்சான், இப்படிப் பண்ணிட்ட?"

"பசிச்சுது, தின்னுட்டேன். நீ வீட்டுக்குப் போ மச்சான், குளுந்த காத்துல நிக்காத."

அந்த அவமானத்தில் அப்பா தம்பியோடு வெகுகாலம் பேசவில்லை.

மார்கழியில் கொழும்பு மாமா சயரோகத்தில் இறந்தார். சந்தூக்குக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்த சித்தப்பா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். இனி ஜெயிக்க வழியே இல்லாமல் போய்விட்டதே என்று அழுகிறார் என நினைத்தேன்.

கொழும்பு மாமா வெற்றிலையைத் தொட்டதே இல்லை என்று சித்தி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அப்போது சித்தப்பாவும் இல்லை.