ஈரக்கால் சியாமளா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், என் பேத்தி பேய்க்கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்து அடுக்கிவிடுவாள். பதினொன்றாவது படிக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதிய பேய்களாம். இந்த மாதத்தில் வெள்ளைக்காரன் ஊரில் பேய்க்குத் திருநாள் வருமாம். பூசணிக்காயில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி வாசலில் வைப்பார்களாம். நாமும்தான் புதுவீட்டுக்குப் பூசணிக்காயில் மூஞ்சி எழுதிக் கட்டுகிறோம், இதில் அவன் என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டான் என்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் படிப்பாள், நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்பேன். இந்த வயதில் இதைவிடச் சுகம் வேறென்ன இருக்கிறது?

"ஆயா, இதுல வர்ற பேயி கண்ணாடிக்குள்ள இருக்குது. பயமா இருக்குதா?"

"கண்ணாடிய ஒடச்சா போயிடும். இதெல்லாம் இன்னாடி பேயி? எங்க பேயி நடந்தா தர நனையும்."

சொல்லிவிட்டேன், பிறகு அவள் விடுவாளா? சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கம். எங்கு திரும்பினாலும் கரும்பு. அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான் என்று நாலு பேரும் ஒரே அறையில் இருந்தோம். நான் அப்போதுதான் ஒன்றாவதில் சேர்ந்திருந்தேன். அத்தைக்குப் பதினாறு வயது. எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவிலேயே பேருந்துப் பலகையைப் பார்த்து ஊர் சொல்லக்கூடிய ஒரே பெண்பிள்ளை. காலையில் சர்க்கரை ஆலைக் குவாட்டர்ஸில் ஒரு வீட்டில் வாசல் பெருக்கப் போவாள். அந்த வீட்டு அம்மா தான் படித்து முடித்த மாத நாவல்களை அட்டை கிழிந்ததும் இவளிடம் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் வீட்டில் பழைய சோறு கிடைத்தால் எங்கள் அத்தைக்குப் பழைய பேய் கிடைத்தது.

பெருக்கி முடித்து அத்தை நேராகக் கரும்புக் காட்டுக்கு வருவாள். பெண்கள் எல்லோரும் கரும்பில் காய்ந்த இலையை, அதுதான் சோகை, உரித்துக்கொண்டிருப்பார்கள். கை, கழுத்தெல்லாம் கீறி எரியும். மதிய மணி அடித்ததும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்துவிடுவேன், பம்புசெட்டு நிழலில் கூழ் குடிப்போம். கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். அந்த ருசி இப்போது வராது. மிக்சியில் அரைத்தால் எங்கே வரும்? அதை விடுங்கள். கூழ் குடித்ததும் அத்தை மடியிலிருந்து புத்தகத்தை எடுப்பாள். சத்தம் அடங்கிவிடும்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது சியாமளா கதை. மலைமேல் ஒரு பங்களா. அந்த வீட்டுப் பெண் சியாமளா கல்யாணத்துக்கு முதல் நாள் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியற்காலையும் பங்களாத் தரையில் ஈரக்கால் தடம் இருக்கும். சமையலறையிலிருந்து புறப்பட்டு மணமகன் அறை வாசல் வரை போய் நின்றுவிடும். அத்தை அந்த இடத்தைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்துவாள். நடுவெயிலில் எங்களுக்குக் குளிரும்.

"பாவம், தல தொவட்டிக்க ஒரு துணி குடுக்க ஆள் இல்லியா அந்த வூட்ல?" என்றாள் அம்மா.

"அண்ணி, இது கத."

"கதன்னா? அச்சுல போட்டுக்கிறான் இல்ல? பொய்யப் போயி காசு செலவு பண்ணி எவனாச்சும் அச்சடிப்பானா?"

எல்லாப் பெண்களும் ஆமாம் என்றார்கள். நானும் சொன்னேன். அச்சில் வந்தால் நடந்ததுதான். எங்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

கதை பாதியில் இருக்கும்போதுதான் வீட்டில் அத்தைக்கு வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை ஒரு மேஸ்திரி. கரும்பு வெட்ட ஆள் கூட்டிப்போகிறவர். பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள். அவருடைய மூத்த மகள் என் உயரம் இருந்தாள். எனக்கு விளையாட ஆள் கிடைத்தாள் என்று நான் குதித்தேன்.

அத்தை அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "எனக்கு வேணாண்ணே. நான் பத்தாவது பரிச்ச எழுதறேன். தனியாவே எழுதலாம்னு குவாட்டர்ஸ் அம்மா சொன்னாங்க."

அப்பா கெட்டவர் இல்லை. கை நீட்டி ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கத்தான் செய்தார். "எழுதிட்டு? கலெக்டரு ஆவப் போறியா? சோகை உரிக்கறதுக்கு எதுக்குடி பரிச்ச?" அம்மாவும் சிரித்தாள். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அத்தை சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தாள். பசித்தால் தானே தின்பாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் அம்மாவின் அலறல் கேட்டு எழுந்தேன். சாணி மெழுகிய தரையில் ஈரக்கால் தடம்! தண்ணீர்ப் பானையிலிருந்து புறப்பட்டு அப்பா படுத்திருந்த பாய் வரைக்கும் வந்து நின்றது. அங்கே அத்தை தலைவிரி கோலமாக, சேலை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"நான் சியாமளா. இவளை நான் விடமாட்டேன்" என்றாள். அத்தை கதை படிக்கிற அதே குரல், புத்தகத்தில் வருகிற அதே பேச்சு.

"அய்யய்யோ, படிச்சிப் படிச்சே கூட்டியாந்துட்டாளே!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பங்களாவில் இருந்த பேய், கூரை ஒழுகுகிற எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறது!

கல்வராயன் மலைமேல் பேய் ஓட்டும் கோயில் ஒன்று இருந்தது. கல்வராயன் மலைக்கு நான் போனதே அந்தப் பேயின் புண்ணியத்தில்தான். வெள்ளிமலை பஸ் வளைவுக்கு வளைவு உறுமிக்கொண்டு ஏறியது. தின்ற புளியங்காயை எல்லாம் நான் வாந்தி எடுத்தேன். அத்தை என் வாயைத் துடைத்துவிட்டு, காதோடு சொன்னாள்: "பயப்படாதடி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்." எவ்வளவு நல்ல பேய் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோயிலில் ஒவ்வொரு பேயிடமும் என்ன வேண்டும் என்று பூசாரி கேட்பார். அது சேலை கேட்கும், சாராயம் கேட்கும், கோழி கேட்கும். கேட்டதைக் கொடுத்தால் போய்விடும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. அத்தைக்கும் தெரியும்.

உச்சி வேளை. ஒரு பெரிய புளியமரத்தடி. பூசாரி வெற்றிலை மென்றுகொண்டு, சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி அத்தையைச் சுற்றி வந்தார். உடுக்கை அடித்தார்.

"யாரு நீ? எந்த ஊரு?"

"சியாமளா. மலை பங்களா."

"எப்டி செத்த?"

"கல்யாணத்துக்கு முதல் நாள் கிணற்றில் விழுந்தேன்."

அம்மா, "ஆமாங்க சாமி, நெசங்க, புஸ்தகத்துல அப்டித்தாங்க போட்டுக்குது" என்று சாட்சி சொன்னாள்.

"சரி, உனுக்கு இன்னா வேணும்? கேளு."

அத்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். "இந்தப் பெண்ணை அந்த மேஸ்திரிக்குக் கொடுக்காதீர்கள். அவள் படிக்கட்டும். அதைச் செய்தால் நான் போய்விடுகிறேன்."

உடுக்கை நின்றது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு நிமிடம் போயிருந்தால் சரி என்று சொல்லியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "பாத்தியாயா? கன்னி கழியாம செத்தது. தனக்கு நடக்காத கல்யாணம் இதுக்கும் நடக்கக் கூடாதுன்னு மறிச்சிகினு நிக்குது. இதுக்குக் கோழியும் வேணாம், ஆடும் வேணாம். கழுத்துல மஞ்ச கயிறு ஏறிட்டா கன்னிப்பேயி கிட்டயே வராது. எப்ப கல்யாணம் வெச்சிருக்க?"

"தையிலங்க."

"தை வரிக்கும் தாங்காது. இந்த மாசமே முடி."

அத்தை எழுந்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். "அண்ணே, பேயி இல்லண்ணே! நான்தாண்ணே! நான்தான் தண்ணிய ஊத்திகினேன். கதைல வர்ற மாதிரி சும்மா பண்ணேண்ணே. என்னப் பாருண்ணே!"

"எல்லாப் பேயும் கடசீல இப்டித்தான் சொல்லும்" என்றார் பூசாரி, வேப்பிலையை ஓங்கிக்கொண்டே. "புடிங்க."

அப்பாதான் பிடித்தார். அழுதுகொண்டே பிடித்தார். உச்சி மயிர் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, மரத்தில் அறைந்து, அறுத்தார்கள். "நான்தாண்ணே, நான்தாண்ணே" என்று அத்தை கத்திக்கொண்டே இருந்தாள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரல் சந்து வழியாக நான் பார்த்தேன். சியாமளா எவ்வளவு கெட்டிக்காரி, அத்தையின் குரலிலேயே அழுகிறாளே என்று வியந்துபோனேன்.

அந்த மாதமே கல்யாணம் முடிந்தது. எனக்கு ரோஸ் கலரில் பாவாடை. மூன்று வருடம் அதைக் கட்டினேன், கடைசியில் அதுவே பாத்திரம் பிடிக்கிற துணியானது. புத்தகத்தை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். இன்னொரு பேயை இந்த வீடு தாங்காது என்று அப்பா என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். நான் ஆட்டுக்குட்டியோடு ஏரிக்கரையில் ஆடித் திரிந்தேன்.

தலைப்பொங்கலுக்கு அத்தை வந்தாள். வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மயிர் அறுத்த இடம் தெரியாமல் கனகாம்பரம் வைத்திருந்தாள். நான் ஓடிப்போய் மடியில் விழுந்தேன்.

"அத்தே, சியாமளா கத மீதி சொல்லு. அப்புறம் இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. கட்டிக் குடுத்துட்டாங்க."

"செத்துப்போனவள எப்டி அத்தே கட்டிக் குடுப்பாங்க?"

அத்தை கொஞ்சம் சிரித்தாள். "அத வுடு. நீ ஒழுங்கா பள்ளிக்கூடம் போறியா?"

அவளுக்கு ஒரு நல்ல சேதி சொல்லப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் நான் கை தட்டிக்கொண்டு எழுந்தேன். "என்ன நிறுத்திட்டாங்க அத்தே! இனிமே பள்ளிக்கூடமே கெடயாது! படிச்சா பேயி புடிச்சிடுமாம்!"

அத்தை என்னை இழுத்து அணைத்தாள். சத்தமே வரவில்லை. என் தோள் மட்டும் நனைந்துகொண்டே போனது. குனிந்து பார்த்தேன். வாசலிலிருந்து எங்கள் இரண்டு பேர் வரைக்கும் தரையில் ஈரக்கால் தடம்.

கையை உதறிக்கொண்டு ஓடினேன். "அம்மா, சியாமளா திரும்ப வந்துட்டா!" தாலி ஏறிய கழுத்துக்குக் கிட்டவே வராது என்று பூசாரி சொல்லியிருந்தாரே, பிறகு எப்படி வந்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.